400 பேரைக் கேட்டால் மலையகத்தையே கேட்டதாகுமா?

கேள்வி: எங்கள் இளைஞர் மன்றத்தார் ஒரு ஞாயிறு ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் நின்று 400 இளைஞர்களிடம் "தோட்ட வேலைக்குப் போவீர்களா?" என்று கேட்டார்கள். அநேகமானோர் மாட்டோம் என்றார்களாம். 'மலையக இளைஞர்களுக்குத் தோட்டம் வேண்டாம்' என்று அறிக்கை விடப்போகிறார்கள். 400 பேர் போதாது என்கிறேன் நான், சரிதானே? – வாசகி, கொட்டகலை

பதில்: சந்தேகம் சரி, காரணம்தான் பிழை. 400 ஒன்றும் குறைவில்லை. குலுக்கல் முறையில் ஒழுங்காகத் தெரிந்தெடுத்திருந்தால் 20 தடவையில் 19 தடவை விடை 5 சதவீதத்துக்கு மேல் விலகாது, அது ஒரு மாவட்டத்துக்கானாலும் சரி, முழு நாட்டுக்கானாலும் சரி. 1936இல் அமெரிக்காவில் லிட்டரரி டைஜஸ்ட் என்ற சஞ்சிகை 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களைக் கையில் வைத்துக்கொண்டு ரூஸ்வெல்ட்டை எதிர்த்துப் போட்டியிட்ட லாண்டன்தான் ஜனாதிபதி என்றது. ரூஸ்வெல்ட் அள்ளிக்கொண்டு போனார். விலாசங்களை டெலிபோன் புத்தகத்திலும் கார் பதிவிலும் பொறுக்கினால், பொருளாதாரம் சரிந்து கிடந்த அந்தக் காலத்தில் ஏழை எங்கே அகப்படுவான்? போதாக்குறைக்கு, தபாலில் கேள்வி அட்டை கிடைத்தவர்களில் முக்கால்வாசிப் பேர் பதிலே போடவில்லை.

சரி, ஞாயிற்றுக்கிழமை ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் யார் நிற்பார்கள்? டியூஷன் பிள்ளைகள், சாமான் வாங்க வந்தவர்கள், லீவு முடிந்து பையும் கையுமாகக் கொழும்புக்குத் திரும்பும் பொடியன்கள். கொழும்பில் கடையில் நிற்கிறவனிடம் தோட்ட வேலைக்குப் போவாயா என்றால் வேறென்ன சொல்வான்! பதுளை, மாத்தளை, இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டங்களில் ஒருவரையும் கேட்கவில்லை, ஆனால் தலைப்பில் மட்டும் முழு மலையகமும் வந்துவிட்டது.

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கே போனாலும் நேரம் பார்க்க வேண்டும். காலை பத்து மணிக்கு வயசானவர்களும் சின்னப் பிள்ளைகளும்தான் இருப்பார்கள், மற்றவர்கள் மலையில். கொழுந்து நிறுக்கிற இடத்தில் ஆள் கிடைக்கும்தான், ஆனால் கங்காணி காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்கும்போது யார் மனசில் உள்ளதைச் சொல்லப்போகிறார்கள்?

அப்புறம், யாரைப் பற்றிய கணிப்பு இது என்பதையும் முடிவு பண்ணுங்கள். அரசாங்கக் கணக்கில் தோட்டத்துறை என்பது 20 ஏக்கருக்குக் குறையாத, குடியிருக்கும் தொழிலாளர் 10 பேராவது உள்ள தோட்டங்கள். டவுனில் குடியேறிவிட்ட மலையகக் குடும்பங்கள் அதில் வராது.

மறுபடி செய்வதானால் தோட்டங்களைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, வாக்காளர் இடாப்பில் பத்துக்கு ஒரு வீடாகக் குறித்துக்கொண்டு, வேலை விட்ட பிறகு பின்னேரம் போங்கள். ஆள் இல்லையென்றால் பக்கத்து வீட்டில் கேட்டு எழுதிக்கொள்ளாமல் இன்னொரு நாள் அதே வீட்டுக்கே போக வேண்டும், அலைச்சல்தான். இப்போது கையில் இருப்பதை வெளியிட்டே ஆக வேண்டுமென்றால், எந்த இடத்தில், எந்தக் கிழமையில், யாரிடம் கேட்டது என்பதை முதல் வரியிலேயே போடச் சொல்லுங்கள்.