பேஸ்மென்ட்டில் ஒரு பச்சை மேடேக்: ஓட்டலாமா, ஓரங்கட்டலாமா?

கேள்வி: நியூ ஜெர்சி மாநிலம் எடிசனில் ஒரு பழைய வீடு வாங்கியிருக்கிறோம். பேஸ்மென்ட்டில் அவகாடோ பச்சை நிறத்தில் ஒரு மேடேக் வாஷிங் மெஷின் நிற்கிறது. 1970களில் வாங்கியது என்றும், கடைசியாக ஓடிப் பத்து ஆண்டுகள் இருக்கும் என்றும் வீட்டை விற்றவர் சொன்னார். தூக்கி எறிய மனம் வரவில்லை. அன்றாடம் துவைக்கப் பயன்படுமா? ஊர் திரும்பும்போது கோவைக்குக் கொண்டுபோகலாமா? இதுபோல இன்னும் ஒன்றிரண்டு சேர்க்கவும் ஆசை இருக்கிறது. எதைத் தேடுவது?

பதில்: எறியாதீர்கள். இன்றைக்கே பிளக்கைச் செருகவும் வேண்டாம்.

இந்த இயந்திரங்களுக்கு ஓட்டத்தைவிட ஓய்வுதான் பகை. நிற்கும்போது ரப்பர் இறுகும், கிரீஸ் மெழுகுபோல் உறையும், பம்பில் தேங்கிய நீர் துருவாகும். நான் முதன்முதலில் வாங்கிய பழைய மெஷினை வீட்டுக்கு வந்த அன்றே ஆவல் தாங்காமல் ஓட்டினேன். இரண்டு நிமிடத்தில் கருகல் நாற்றம். பம்பு துருவில் இறுகிக் கிடந்தது. பெல்ட் அசையாத புல்லியின் மேல் உரசி உரசி வெந்துபோயிருந்தது. கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும்.

உங்களுடையது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிப் பழுது தானாகப் பிடிபடும். அயோவா மாநிலம் நியூட்டனில் இருந்த மேடேக் நிறுவனம் அந்தக் காலத்தில் செய்த மெஷின்களில் ஒரே மோட்டார், இரண்டு திசையிலும் சுழலும். ஒரு திசையில் சுழன்றால் நடுவில் நிற்கும் அஜிடேட்டர் மத்துப்போல் இப்படியும் அப்படியுமாகக் கடையும். எதிர்த்திசையில் சுழன்றால் அடியில் இருக்கும் பெரிய புல்லி ஒரு திருகுப்புரியில் மேலேறி, பிரேக்கைத் தளர்த்தும். அப்போது தொட்டி முழுவதும் சுழன்று துணியைப் பிழியும். மோட்டார் நின்றதும் புல்லி இறங்கும், பிரேக் மறுபடி பிடித்துக்கொள்ளும். எலக்ட்ரானிக் அட்டை எதுவும் கிடையாது. டைமர், சில சுவிட்சுகள், இரண்டு பெல்ட்டுகள், அவ்வளவுதான். ஒரு பெல்ட் பெரிய புல்லிக்கு, இன்னொன்று பம்புக்கு.

பிளக் சுவரில் இல்லை என்பதை உறுதிசெய்துகொண்டு வேலையைத் தொடங்குங்கள். முன்பக்கத் தகட்டின் அடியில் இரண்டு திருகாணிகள் இருக்கும். அவற்றைக் கழற்றினால் தகடு கையோடு வந்துவிடும். ஒரு டார்ச் எடுத்துக்கொண்டு தரையில் உட்காருங்கள். முதலில் பம்பின் புல்லியைக் கையால் சுற்றுங்கள். சுற்றாவிட்டால் பம்பை மாற்றும்வரை மற்ற வேலை வேண்டாம். அடுத்து, மோட்டார் உட்கார்ந்திருக்கும் தட்டைப் பாருங்கள். அது ஸ்பிரிங்கின் இழுப்பில் முன்னும் பின்னும் நகர வேண்டும். பழைய கிரீஸ் உறைந்து நகராமல் நின்றால் துடைத்துப் புதுக் கிரீஸ் போடுங்கள். பிழிதல் தொடங்கும்போது, நீரில் ஊறிய துணியோடு நிற்கும் கனத்த தொட்டியை மோட்டார் ஒரே இழுப்பில் சுழற்ற முடியாது. தட்டு நகர்ந்து கொடுக்கும், பெல்ட் சற்று வழுக்கிக் கொடுக்கும், தொட்டி மெல்ல வேகம் பிடிக்கும். கிளட்ச்சின் வேலையைப் பெல்ட்டே செய்கிறது. அதனால்தான் அளவு பொருந்துகிறது என்று ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் பொது பெல்ட்டை மாட்டக் கூடாது. அது வழுக்காது, மோட்டார் திணறிச் சூடேறும். இந்த மெஷினுக்கென்றே செய்த பெல்ட்டுகளைக் கேட்டு வாங்குங்கள். பெல்ட் வழுக்குகிறதே என்று பிசின் தடவுகிறவர்களும் உண்டு. தடவாதீர்கள்.

இனித் தொட்டி. கையால் சுழற்றிப் பாருங்கள். பிரேக் பிடித்திருப்பதால் எளிதில் சுழலக் கூடாது. இழுத்த இழுப்புக்கெல்லாம் சுழன்றால் பிரேக் தேய்ந்திருக்கிறது, அல்லது அதில் எண்ணெய் இறங்கியிருக்கிறது. அதை நீங்களே கழற்ற முயல வேண்டாம். உள்ளே அழுத்தி வைத்திருக்கும் ஸ்பிரிங் எகிறினால் விரல் போகும். அதற்கென்று கருவியும் பழகிய கையும் வேண்டும்.

அஜிடேட்டரைத் தூக்க வராது. பத்தாண்டுச் சோப்பு அதைத் தண்டோடு ஒட்டியிருக்கும். சுத்தியலை எடுக்காமல் அதன்மேல் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றிச் சிறிது நேரம் விடுங்கள். பிளாஸ்டிக் விரிந்து கொடுக்கும். நேர்மேலாக இழுத்தால் வரும். வந்ததும் தண்டைப் பாருங்கள். துரு வழிந்த தடம் இருந்தால், தண்டைச் சுற்றி நீரைத் தடுக்கும் நடு சீல் கசிந்திருக்கிறது. நீர் பேரிங்குக்குள் இறங்கியிருக்கும். இந்த மெஷினின் ஆயுளை முடிவு செய்வது அந்த ஒரு சீல்தான். தண்டு சுத்தமாக இருந்தால் உங்களுக்கு நல்ல காலம்.

பிழியும்போது மெஷின் ஆடி நகர்ந்தால் தரையையும் கால்களையும் மட்டும் குறை சொல்லாதீர்கள். தொட்டியைத் தாங்கும் அடிப்பகுதி சிறு பட்டைகளின் மேல் வழுக்கி ஆட்டத்தை வாங்கிக்கொள்ளும். அந்தப் பட்டைகள் காய்ந்தாலும் கழன்று விழுந்தாலும் ஆட்டம் நேராக உடலுக்கு வந்துவிடும்.

மின்சார விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். அந்தக் கால வீடுகளின் பேஸ்மென்ட்டில் எர்த் இல்லாத இரண்டு துளைப் பிளக் பாயிண்ட் இன்னும் இருக்கலாம். சில பழைய மெஷின்களில் பச்சை ஒயர் ஒன்று தனியாகத் தொங்கும்; அதைக் குளிர்நீர்க் குழாயில் இறுக்கி எர்த் செய்வது அன்றைய வழக்கம். இன்று அந்தக் குழாயின் நடுவில் பிளாஸ்டிக் துண்டு இருந்தால் எர்த் என்பது பெயருக்குத்தான். எலக்ட்ரீஷியனை அழைத்து, எர்த்தோடு கூடிய, கசிவு கண்டால் தானே துண்டிக்கும் பிளக் பாயிண்ட் போடச் சொல்லுங்கள். தண்ணீர் வரும் ரப்பர் ஹோஸ் இரண்டையும் பார்க்கவே வேண்டாம், மாற்றிவிடுங்கள். மோட்டாருடன் கெப்பாசிட்டர் இருந்தால் அதையும் மாற்றுங்கள். அந்தக் காலக் கெப்பாசிட்டர்களில் பி.சி.பி. என்ற நச்சு எண்ணெய் இருக்கலாம்; அதன் உற்பத்திக்கு அமெரிக்கா 1979இல்தான் தடை விதித்தது. கசிந்திருந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள்.

அன்றாடம் பயன்படுமா என்றால், படும். முதல் சலவைக்குப் பழைய துண்டுகள் நான்கைப் போட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து பாருங்கள். பிழியும்போது மூடியைத் திறந்தால் தொட்டி சில நொடிகளில் நின்றுவிட வேண்டும். துண்டு, ஜீன்ஸ், படுக்கை விரிப்பு, குழந்தைகளின் சேறு படிந்த உடை எல்லாம் அருமையாக வெளுக்கும். புடவையையும் எட்டு முழ வேட்டியையும் மட்டும் போடாதீர்கள். மத்தில் கயிறு சுற்றுவதுபோல அஜிடேட்டரில் சுற்றிக்கொள்ளும். அப்படிச் சிக்கிய ஒரு பருத்திப் புடவையை அரை மணி நேரம் குனிந்து நின்று விடுவித்தவன் சொல்கிறேன். துப்பட்டாவை வலைப்பையில் போடுங்கள்.

தண்ணீர்தான் இதன் பெருங்குறை. முழுத் தொட்டிச் சலவைக்குச் சுமார் 40 கேலன், அதாவது 150 லிட்டர் குடிக்கும். இன்றைய நல்ல முன்திறப்பு மெஷினுக்கு அதில் பாதிகூட வேண்டாம். அந்தக் காலத்திலும் இந்தக் கவலை இருந்தது. சில மாடல்களில் சோப்பு நீரைப் பக்கத்துத் தொட்டியில் விட்டு, அடுத்த சலவைக்குத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும் வசதி உண்டு. வெள்ளைத் துணிக்குப் பின் வண்ணத் துணி, அதற்குப் பின் மிதியடி. நம் வீட்டுப் பெண்கள் அண்டாவில் செய்ததுதான்! உங்கள் மெஷினின் பின்புறத்தில் வெளியேறும் ஹோஸ் இரண்டு இருக்கிறதா என்று பாருங்கள்.

கோவைக்கு வேண்டவே வேண்டாம். உங்கள் மெஷின் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்குச் செய்தது. நம் ஊரில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைக் குறைக்கும், ஹெர்ட்ஸைத் தொடாது. மோட்டார் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும், முனகும், சூடேறும். டைமரும் அதே கணக்கில் தூங்கி வழியும். 12 நிமிடச் சலவை 14 நிமிடத்தைத் தாண்டும். அதைவிடப் பெரிய சிக்கல் தண்ணீர் அழுத்தம். அமெரிக்க வால்வுகள் சரியாகத் திறந்து மூட, பொதுவாகச் சதுர அங்குலத்துக்கு 20 பவுண்டாவது அழுத்தம் வேண்டும். நான்கு மீட்டர் உயரத்தில் உள்ள மாடித் தொட்டி தருவது ஆறு பவுண்டுகூட இல்லை. ஊர் திரும்பும்போது இதை மதிக்கும் ஒருவருக்குக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

சேர்ப்பதைப் பற்றி. முதல் மெஷினை ஒருமுறை முழுவதும் திறந்து மூடாமல் இரண்டாவதை வாங்காதீர்கள். அதன்பின் எளிதானது, விர்ல்பூல் நிறுவனம் செய்த பெல்ட் மாடல். சியர்ஸ் கடைகளில் கென்மோர் என்ற பெயரில் விற்றதும் அதுதான். ஏராளமாக விற்றதால் உதிரிப் பாகம் தேடி அலைய வேண்டியதில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் 1979 வரை வைத்திருந்த ஃப்ரிஜிடேர் வேறு வகை. அதன் அஜிடேட்டர் கடையாது, உலக்கைபோல் மேலும் கீழுமாக இடிக்கும். பார்க்க அவ்வளவு வேடிக்கை, பாகம்தான் கிடைக்காது. 1937இல் வந்த பெண்டிக்ஸ், வீட்டுக்கான முதல் தானியங்கி மெஷின், ஆசைப்படலாம், ஆனால் அதைத் தரையோடு போல்ட் போட்டு இறுக்க வேண்டும்.

எனக்குப் பிடித்தது ஜெனரல் எலக்ட்ரிக்கின் ஃபில்டர் ஃப்ளோ. அஜிடேட்டரின் தலையில் துளைகள் கொண்ட தட்டு ஒன்று இருக்கும். சலவை நடக்கும்போது நீர் மேலிருந்து அருவிபோல் அதில் கொட்டி, நூலும் பிசிறும் தட்டிலேயே தங்கிவிடும். கிடைத்தால் முதலில் அந்தத் தட்டு இருக்கிறதா என்று பாருங்கள். கழற்றி வைத்த இடத்தை மறந்து தட்டைத் தொலைத்த வீடுகளே அதிகம். எதை வாங்கினாலும் வண்டியில் நிறுத்தியே கொண்டுவாருங்கள். படுக்க வைத்தால் கியர் பெட்டியின் எண்ணெய் இறங்கிப் பிரேக்கை நனைத்துவிடும்.