ஃபைனான்ஸ் வேலைக்கு ரெஸ்யூம்: எண்கள் எங்கே?

கேள்வி: "ஒரு நிறுவனத்தின் அக்கவுண்ட்ஸ் பேயபிள் பிரிவில், அதாவது சரக்கு தருகிற வென்டர்களின் பில்லுக்குப் பணம் கட்டும் பிரிவில், நான்கு வருடம் வேலை பார்த்தேன். அம்மாவுக்கு உடம்பு சரியில்லாததால் வேலையை விட்டுவிட்டு 11 மாதம் வீட்டில் இருந்தேன். இப்போது ஃபைனான்ஷியல் அனலிஸ்ட் வேலைக்கு முயற்சி செய்கிறேன். 60 இடங்களுக்கு மேல் ரெஸ்யூம் அனுப்பியும் ஓர் அழைப்புகூட வரவில்லை. 'கம்ப்யூட்டரே உங்கள் ரெஸ்யூமைத் தள்ளிவிடுகிறது, 95 மார்க் வாங்குகிற மாதிரி நான் எழுதித் தருகிறேன்' என்று ஒருவர் சொன்னார். பாதிப் பணம் கொடுத்துவிட்டேன். மீதியையும் கொடுக்கலாமா? ரெஸ்யூமில் நான் எதை மாற்ற வேண்டும்?"

பதில்: மீதியைக் கொடுக்காதீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் இதைப் படித்து முடிப்பதற்குள் அவரிடமிருந்து இன்னொரு போன் வந்தாலும் வரும்.

அவர் சொல்கிற அந்த 95 மார்க் என்ன என்று பார்ப்போம். வேலை கொடுக்கும் நிறுவனங்கள் வைத்திருக்கிற மென்பொருளை ஏடிஎஸ் என்பார்கள். வந்து குவியும் ரெஸ்யூம்களைப் பிரித்து, பெயர், படிப்பு, வேலை பார்த்த இடம், தேதி என்று கட்டம் கட்டமாக அடுக்கி வைக்கிற ஓர் அலமாரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆள் எடுப்பவர் அதற்குள் சொல் போட்டுத் தேடுவார். சில மென்பொருள்கள் அந்தந்த வேலை விளம்பரத்தோடு ரெஸ்யூமை ஒப்பிட்டு வரிசைப்படுத்தவும் செய்யும். ஆனால் ஒவ்வொரு நிறுவனமும் வெவ்வேறு மென்பொருள் வைத்திருக்கிறது, வெவ்வேறு விதமாக அமைத்திருக்கிறது. எல்லா இடத்திலும் செல்லுபடியாகிற ஒரு பொது மார்க் கிடையாது. அவர் காட்டுகிற 95 ஏதோ ஒரு தனியார் வலைத்தளம் தானே போட்டுக்கொடுக்கிற மார்க். நீங்கள் விண்ணப்பித்த நிறுவனத்தின் கண்ணில் அது படவே படாது.

கம்ப்யூட்டர் ஆளைக் கழிப்பது பெரும்பாலும் வேறு இடத்தில் நடக்கிறது. ஆன்லைன் விண்ணப்பத்தில் "இந்த வேலையில் இத்தனை வருட அனுபவம் உண்டா?" என்று கேட்டு, உண்டு, இல்லை என்று இரண்டே கட்டம் கொடுத்திருப்பார்கள். இல்லை என்று தட்டினால் பல இடங்களில் அதோடு சரி, ரெஸ்யூமை யாரும் திறப்பதில்லை. ஆகவே அனுப்பிய 60-ல் எத்தனை விளம்பரங்கள் அனலிஸ்டாகவே முன் அனுபவம் கேட்டவை என்று எண்ணிப் பாருங்கள். அவை போக மிச்சம் எவ்வளவோ, அதுதான் உங்களுடைய உண்மையான கணக்கு.

மென்பொருள் உங்கள் ரெஸ்யூமைச் சரியாகப் படிக்கிறதா என்று பார்க்க யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம். பிடிஎஃப்-ஐத் திறந்து, எல்லாவற்றையும் காப்பி செய்து, நோட்பேடில் ஒட்டுங்கள். நிறுவனத்தின் பெயர், பதவி, தேதி, வேலை விவரம் என்று வரிசை கெடாமல் வந்தால் போதும். இடது பத்தியில் இருந்த திறமைகளும் வலது பத்தியில் இருந்த அனுபவமும் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து குழம்பி வந்தால் அந்த வடிவத்தைத் தூக்கிப் போடுங்கள். இரண்டு பத்தி டிசைன், டெக்ஸ்ட் பாக்ஸ், எக்செலுக்கு ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் போடுகிற படம் எல்லாம் இப்படித்தான் காலை வாரும். சிலர் வெள்ளைக் காகிதத்தில் வெள்ளை எழுத்தில், மென்பொருளின் தேடலில் அகப்படுவதற்காக, நூறு சொற்களை ஒளித்து வைத்துத் தருகிறார்கள். மென்பொருள் அதைப் பிரித்துப் போட்டதும் அத்தனையும் திரையில் அப்பட்டமாகத் தெரியும். பணத்தைக் கையாளப் போகிறவர் முதல் நாளே எதையோ மறைத்தார் என்றால் அப்புறம் பேச என்ன இருக்கிறது?

எழுதிக்கொடுக்கிறவர்களிடம் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். என் குழுவுக்கு ஓர் ஆள் எடுத்தபோது மூன்று பேரின் ரெஸ்யூமில் ஒரே வாக்கியம், ஒரே எழுத்துப்பிழையோடு இருந்தது. "செலவை 18 சதவீதம் குறைத்தேன்." ஒருவரைக் கூப்பிட்டு, எந்தச் செலவு, எதோடு ஒப்பிட்டு 18 என்று கேட்டேன். கொஞ்ச நேரம் மேசையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சார், அந்த வரியை நான் எழுதவில்லை" என்றார். பிறகு மெதுவாகப் பேச்சுக் கொடுத்தால், வங்கிக் கணக்குக்கும் கம்பெனிக் கணக்குக்கும் இடையே இரண்டு வருடமாக ஒட்டாமல் கிடந்த பழைய பதிவுகளை ஒவ்வொன்றாகத் தோண்டித் தீர்த்தவர் அவர். அருமையான வேலை. ரெஸ்யூமில் அது ஒரு வரிகூட இல்லை. காசு வாங்கியவர் அதைக் கேட்டே பார்க்கவில்லை. மேலிடத்தில், பொய் எழுதியவர் என்று அவரைக் கழித்துவிட்டார்கள். எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை.

சரி, இப்போது உங்கள் ரெஸ்யூம். நீங்கள் அனுப்பியிருப்பதில் அனுபவம் என்ற தலைப்பின் கீழ் இருக்கும் முதல் வரி: "வென்டர் இன்வாய்ஸ்களைப் பதிவு செய்தல் மற்றும் பேமென்ட் பணிகளைக் கையாளுதல்." இது வேலை நியமனக் கடிதத்தில் இருக்கிற வரி. உங்கள் பக்கத்து மேசைக்காரரும் இதையேதான் எழுதுவார். படிக்கிறவருக்கு வேண்டியது மூன்று: எவ்வளவு, எப்படி, அதனால் என்ன ஆனது. அதே வேலையை இப்படி எழுதிப் பாருங்கள்: "மாதம் சுமார் 600 இன்வாய்ஸ்களை பர்ச்சேஸ் ஆர்டர், சரக்கு வந்த ரசீது இரண்டோடும் ஒப்பிட்டுப் பதிவு செய்தேன், இரண்டாம் முறை வந்த பில்களைப் பிடிக்க எக்செலில் ஒரு சோதனை அமைத்தேன், மாதக் கணக்கை முடிக்க ஆகும் நாட்களை 9-லிருந்து 6 ஆகக் குறைத்ததில் என் பங்கு, வென்டர் ஸ்டேட்மென்ட்டை மாதக் கடைசிவரை வைக்காமல் வாராவாரம் ஒப்பிட்டது." எண்கள் நான் உதாரணத்துக்குப் போட்டவை. உங்களுடையது 600 இல்லாமல் 150 ஆக இருந்தால் 150 என்றே எழுதுங்கள். சின்ன எண் யாரையும் கெடுத்ததில்லை. விளக்க முடியாத எண்தான் கெடுக்கும். 9 நாள் என்று எழுதினால், வேலை நாளா, காலண்டர் நாளா என்று நான் கேட்பேன். அதற்கு யோசிக்காமல் பதில் வர வேண்டும்.

"என்னிடம் எண் எதுவும் இல்லையே" என்று எல்லோரும் சொல்வார்கள். இருக்கும். எத்தனை வென்டர், எத்தனை வங்கிக் கணக்கு, எத்தனை நாணயம், ஆடிட்டர் கேட்ட எத்தனை கேள்விக்கு நீங்கள் பதில் தயாரித்தீர்கள், 90 நாளைத் தாண்டிய நிலுவை நீங்கள் வந்தபோது எத்தனை பதிவு, போகும்போது எத்தனை. உட்கார்ந்து ஒரு மணி நேரம் யோசித்தால் பக்கம் நிறையும்.

எண் எழுதச் சொல்கிறேனே தவிர, எல்லா எண்ணையும் எழுதச் சொல்லவில்லை. இதை நிறையப் பேர் தவறவிடுவதால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். உங்கள் வேலையின் எண் வேறு, கம்பெனியின் எண் வேறு. எத்தனை இன்வாய்ஸ், எத்தனை நாள் என்பது உங்கள் வேலை. கம்பெனியின் விற்பனை, லாப விகிதம், எந்த வென்டருக்கு என்ன விலை, எந்த வாடிக்கையாளர் எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் கம்பெனியின் சொத்து, நீங்கள் வேலையை விட்ட பிறகும். பங்குச் சந்தையில் இருக்கும் கம்பெனி என்றால் இன்னும் கவனம். வெளியிடப்படாத முடிவுகளையோ, பேச்சில் இருக்கிற ஒரு கையகப்படுத்தலையோ ரெஸ்யூமில் கோடிகாட்டினால்கூட அது சட்டச் சிக்கல்வரை போகும். ஆண்டறிக்கையில் அச்சாகி வெளிவந்த எண் என்றால் எழுதலாம். வராதது என்றால், கம்பெனியின் எண்ணை விட்டுவிட்டு, உங்கள் வேலையால் வந்த மாற்றத்தை மட்டும் தொகையாக இல்லாமல் சதவீதமாக எழுதுங்கள். சதவீதத்திலிருந்தே தொகையை ஊகிக்க முடியும் என்றால் அதையும் விட்டுவிட்டு, எண்ணிக்கையும் நாளும் மட்டும் எழுதுங்கள். வாடிக்கையாளரின் பெயருக்குப் பதில் "ஒரு மருந்து நிறுவனம்" என்று போடுங்கள். கம்பெனியின் வாடிக்கையாளர்களில் இருப்பதே ஒரே ஒரு மருந்து நிறுவனம் என்றால் அதுகூட வேண்டாம், "உற்பத்தி நிறுவனம்" போதும். பழைய கம்பெனியின் எக்செல் ஷீட்டை மாதிரிக்கு இணைத்து அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அதைத் திறந்ததுமே எனக்கு வருகிற எண்ணம் ஒன்றுதான்: நாளைக்கு எங்களுடையதும் இப்படித்தான் போகும்.

இனி அனலிஸ்ட் என்ற தாவல். பேயபிளில் இருந்தவருக்குப் பகுப்பாய்வு தெரியாது என்று ஆள் எடுப்பவர்கள் நினைக்கிறார்கள். தவறு, ஆனால் அந்தத் தவறை உடைக்கிற வேலை உங்கள் ரெஸ்யூமுக்கு வந்துவிட்டது. பணம் எப்போது, யாருக்கு, எவ்வளவு வெளியே போகும் என்று உங்களுக்குத் தெரியும். பணப்புழக்கக் கணிப்பில் பாதி அதுதானே? வென்டர் நிபந்தனை "2/10, நெட் 30" என்று இருந்திருக்கும்: 10 நாளில் கட்டினால் 2 சதவீதம் தள்ளுபடி, இல்லாவிட்டால் 30 நாளுக்குள் முழுத் தொகை. அந்தத் தள்ளுபடியை விடுவது என்பது, கூடக் கிடைக்கிற 20 நாளுக்காக ஆண்டுக் கணக்கில் சுமார் 37 சதவீத வட்டி கொடுப்பதற்குச் சமம். 98-க்கு 2, அதை 365-ஐ 20-ஆல் வகுத்து வருவதோடு பெருக்கிப் பாருங்கள். எந்த பில்லை முதலில் கட்டலாம் என்று நீங்கள் எப்போதாவது வரிசைப்படுத்திக் கொடுத்திருந்தால், அது பகுப்பாய்வுதான். அதை முதல் வரியில் வையுங்கள். பட்ஜெட்டுக்கும் நிஜச் செலவுக்கும் இருந்த வித்தியாசத்துக்குக் காரணம் எழுதிக் கொடுத்திருந்தால் அது இரண்டாம் வரி. பதிவு போடுகிற வேலை அதற்கும் கீழே போகட்டும்.

எக்செல் தெரியும் என்று மட்டும் எழுதாதீர்கள். பிவட் டேபிள், எக்ஸ்லுக்அப், பவர் கொயரி, எது தெரியுமோ அதைப் பெயர் சொல்லி, எதற்குப் பயன்படுத்தினீர்கள் என்றும் சேர்த்து எழுதுங்கள். எஸ்ஏபி என்கிற நிறுவனக் கணக்கு மென்பொருள் தெரியும் என்றால், அதில் எந்த மாட்யூல் (பகுதி) என்று சொல்லுங்கள். விளம்பரத்தில் என்ன சொல் இருக்கிறதோ, உண்மையாகவே அது உங்களுக்குத் தெரிந்திருந்தால், அதே சொல்லை எழுதுங்கள். தேடலில் அகப்பட அது போதும். சிஎஃப்ஏ என்கிற நிதித் துறைத் தகுதிக்குப் படித்துக்கொண்டிருந்தால் பெயருக்குப் பின்னால் அந்த மூன்று எழுத்தைப் போடக் கூடாது. "முதல் நிலை தேர்ச்சி" என்று படிப்புப் பகுதியில் ஆண்டோடு எழுதலாம், அவ்வளவே. ஆரம்பத்தில் வருகிற "லட்சியம்" பத்தியை எடுத்துவிடுங்கள். நான்கு வருட அனுபவத்துக்கு ஒரு பக்கம் போதும்.

அனுப்புவதற்கு முன் உங்கள் ரெஸ்யூமை நீங்களே ஆடிட் செய்யுங்கள். மேலே "4 வருட அனுபவம்" என்று இருக்கும், கீழே தேதிகளைக் கூட்டினால் 3 வருடம் 7 மாதம் வரும். வேறு துறையில் இது கவனக்குறைவு. நம் துறையில் அதுவே நீங்கள் செய்து காட்டிய முதல் கணக்கு.

அந்த 11 மாதத்தைப் பற்றி நீங்கள் பயப்படுவது தெரிகிறது. ஒரே வரி: "குடும்பத்தில் ஒருவரின் சிகிச்சைக்காக இடைவெளி", பக்கத்தில் மாதமும் ஆண்டும். மன்னிப்புக் கேட்கிற தொனி வேண்டாம், நோயின் பெயரும் வேண்டாம். பழைய வேலையின் கடைசித் தேதியை இழுத்து நீட்டி அதை மூடச் சொல்லி யாராவது ஆலோசனை சொன்னால் கேட்காதீர்கள். அனுபவச் சான்றிதழே செய்து தருகிறேன் என்கிற ஆட்களும் உண்டு. அது போலி ஆவணம். ஃபைனான்ஸ் வேலைக்குப் பின்னணிச் சரிபார்ப்பு கடுமையாக இருக்கும். பழைய நிறுவனத்தைக் கேட்டு தேதியை ஒப்பிடுவார்கள். வேலையில் சேர்ந்து ஆறு மாதம் கழித்துத் தெரிந்தாலும் வெளியே அனுப்புவார்கள், சான்றிதழ் செய்து தந்தவர் அப்போது போனை எடுக்கமாட்டார்.

ஆள் எடுக்கிற இந்த முறையின் மேல் எனக்கும் ஆத்திரம் இருக்கிறது. ரெஸ்யூமை ஏற்றச் சொல்லிவிட்டு அதில் இருப்பதையே மறுபடி கட்டம் கட்டமாகத் தட்டச்சு செய்யச் சொல்கிறார்கள். ஆரம்பநிலை வேலை என்று தலைப்பில் போட்டுவிட்டு ஐந்து வருட அனுபவம் கேட்கிறார்கள். வேண்டாம் என்று இரண்டு வரி அனுப்பக்கூட மனம் வருவதில்லை. இந்த மௌனத்தில்தான் 95 மார்க்காரர்கள் கடை விரிக்கிறார்கள். நிறுவனங்கள் பதில் சொல்லியிருந்தால் நீங்கள் அவரிடம் போயிருக்கவே மாட்டீர்கள்.

கடைசியாக, கொடுத்த பாதிப் பணம். திரும்பக் கேளுங்கள், வந்தால் நல்லது. வராவிட்டால் அவர் இதுவரை செய்ததைத் திருத்தக்கூடிய வேர்ட் ஃபைலாக வாங்கிவிடுங்கள். பிடிஎஃப் மட்டும் கொடுத்துவிட்டு ஒவ்வொரு திருத்தத்துக்கும் தனியாகக் காசு கேட்பது சிலருடைய வழக்கம். உங்கள் மின்னஞ்சலின் பாஸ்வேர்டையோ, வேலை தேடும் தளத்தின் பாஸ்வேர்டையோ அவரிடம் கொடுத்திருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். அப்புறம், அவர் செய்து கொடுத்த ரெஸ்யூமின் மேல் மூலையில் இருக்கிற போன் எண்ணை ஒருமுறை படித்துப் பாருங்கள். அங்கே தன்னுடைய எண்ணைப் போட்டு வைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படி இருந்தால், இனி அனுப்புகிற இடங்களிலிருந்து வரும் அழைப்பு உங்களுக்கு வராது, அவருக்குத்தான் போகும்.