டிஎஸ்பி போட்டதும் சத்தம் காணாமல் போனது ஏன்?

கேள்வி: பரந்தனில் வீட்டுக் கூடத்தில் 8 ஓம் ஸ்பீக்கர் பெட்டி இரண்டு. போனிலிருந்து வயரில் நேரே டிபிஏ3116 அம்ப்புக்கு (அம்பிளிபையருக்கு) கொடுத்தபோது சத்தம் போதுமாக இருந்தது. இடையில் ஏடிஏயு1701 டிஎஸ்பி போர்ட் (ஒலியை டிஜிட்டலாகத் திருத்தும் போர்ட்) போட்ட பிறகு, முழுக்கத் திருப்பினாலும் காணாது. போர்ட் பழுதா?

பதில்: அநேகமாகப் பழுதில்லை. அந்தச் சிப்பின் கணக்கே அப்படி. உள்வாயிலில் வழமையான 18 கிலோ ஓம் ரெசிஸ்ரருடன், உள்ளே 2 வோல்ற் வந்தால்தான் அதற்கு முழு அளவு, அதாவது சத்தம் பிளக்காமல் அது ஏற்கும் உச்சம். அந்த முழு அளவுக்கு அது வெளியே தருவதோ 0.9 வோல்ற். இயர்போன் துளையிலிருந்து அரை வோல்ற் வருகிறது என்று வையுங்கள்: டிஎஸ்பிக்குப் பிறகு மிஞ்சுவது 0.22 வோல்ற். அம்ப்பின் கெயின் (பெருக்கும் அளவு) 20 டெசிபெல், அதாவது பத்து மடங்கு என்றால் ஸ்பீக்கருக்கு 2.2 வோல்ற், 8 ஓமில் 0.6 வாற். நேரே கொடுத்தபோது அதே அம்ப் 3 வாற் தந்தது.

எதையும் மாற்ற முதல் அளந்து பாருங்கள். போனில் 100 ஹேர்ட்ஸ் ரோன் ஒன்றை ஓடவிட்டு, போன் வொலியூமை முழுக்க வைத்து, டிஎஸ்பியின் உள்வாயிலிலும் வெளிவாயிலிலும் ஏசி வோல்ற் பாருங்கள். டிஎஸ்பிக்குள் பேஸையும் ருவீற்றரின் கீச்சொலியையும் பிரிக்கும் குறொஸ்ஓவரைப் பைபாஸ் பண்ணிவிட்டு அளக்க வேண்டும். இல்லாவிட்டால் ருவீற்றர் பக்கத்தில் 100 ஹேர்ட்ஸ் வரவே வராது, போர்ட் செத்துவிட்டதென்று நினைப்பீர்கள். மலிவான மஞ்சள் மல்ரிமீற்றரில் ஏசிக்கு 200, 750 என்ற இரண்டு அளவுகள்தான் இருக்கும், 0.22 வோல்ற்றை அது 0.2 என்றுதான் காட்டும். 2 வோல்ற் ஏசி அளவுள்ள மீற்றரை இரவல் வாங்கியாவது பாருங்கள்.

வெளியே வருவது உள்ளே போவதில் பாதிக்குச் சற்றுக் குறைவாக இருந்தால் போர்ட் சரி, உள்வாயிலைத்தான் திருத்த வேண்டும். ஓடியோ உள்ளே போகும் வழியில், சிப்புக்குக் கிட்ட, ஒவ்வொரு சனலுக்கும் 183 அல்லது 1802 என்று எழுதிய சின்ன ரெசிஸ்ரர் இருக்கும். அதைக் கழற்ற வேண்டாம். சூடு கூடினால் செப்புத் தடமே உரிந்து வந்துவிடும். அதன் மேலேயே 15 கிலோ ஓம் ஒன்றை ஈயம் வைத்து ஒட்டிவிடுங்கள். இரண்டும் சேர்ந்து 8.2 கிலோ ஓம் ஆகும். சிப்புக்குள் இருக்கும் 2 கிலோவோடு முழு அளவு 1 வோல்ற்றுக்கு இறங்கிவிடும். அதே அரை வோல்ற்றுக்கு இனி 0.44 வோல்ற் வெளியே வரும். ஏற்கெனவே 822 என்று இருந்தால் தொடாதீர்கள். ஒன்று கவனம்: இதற்குப் பிறகு 2 வோல்ற் தரும் டிவிடி பிளேயரை அதே வாயிலில் கொடுத்தால் சத்தம் பிளந்து கேட்கும்.

வெளியே வருவது பாதியை விட நன்றாகக் குறைந்திருந்தால், டிஎஸ்பியை அமைக்கும் கணினி மென்பொருளான சிக்மாஸ்டூடியோவில் தேடுங்கள். ஈக்வலைசருக்கு இடம் விட வைத்த மைனஸ் 12 டெசிபெல் கெயின் அங்கேயே மறந்து கிடக்கும். அதுதான் அடிக்கடி நடப்பது. திருத்தியதை ஈப்ரொமில் (போர்ட்டின் அழியாத நினைவகத்தில்) எழுதாமல் விட்டால் கரண்ட் போய் வந்ததும் பழைய நிலைக்கே திரும்பும். ஆனால் உள்ளே வரும் சிக்னலே சின்னது என்றால் அதை டிஎஸ்பிக்குள் பெருக்கி ஈடுகட்டப் பார்க்காதீர்கள்: இரைச்சலும் சேர்ந்தே ஏறும்.

சத்தம் இருக்கிறது, பேஸ் மட்டும் இல்லை என்றால் ஒரு பெட்டியின் வயர் பிளஸ் மைனஸ் மாறியிருக்கும்.

கடைசியாக அம்ப். டிபிஏ3116 சிப்பில் 20, 26, 32, 36 டெசிபெல் என நான்கு கெயின்கள். போர்ட்டில் உள்ள ரெசிஸ்ரர்கள்தான் அதைத் தீர்மானிக்கும். 26இல் வைத்தால் 0.44 வோல்ற் 8.8 வோல்ற்றாகி, 8 ஓமில் 9 வாற்றுக்கு மேல் வரும். 24 வோல்ற் சப்ளைக்கு இது சுகமாக ஓடும். சோலர் 12 வோல்ற் பற்றரியில் ஓட்டுகிறீர்கள் என்றால் அம்ப் அந்த இடத்திலேயே முட்டிவிடும். 32க்கு ஏற்றினாலும் கூடுவது கரகரப்பு மட்டும்தான்.