இரண்டு பேருக்கும் கமரா என்றாலே கூச்சம். கலியாணத்துக்கு முதல் போட்டோ சூட் தேவையா?

தேவை, தங்கச்சி. கமராவுக்கு முன்னால் சிரித்துப் பழகினவர்களை விட உங்களைப் போன்ற சோடிகளுக்குத்தான் கூடத் தேவை. "காசைக் கரைக்கிற வேலை" என்று எழுதச் சிலர் வருவார்கள். பாசிக்குடாக் கடற்கரை ஹோட்டல், ட்ரோன், வாடகை உடுப்பு என்று போனால் கரையத்தான் செய்யும். நான் சொல்வது ஒரு காலைப்பொழுது, வீட்டில் இருக்கிற நல்ல உடுப்பு, கலியாணத்துக்குப் படம் எடுக்கப்போகும் அதே ஆள். வேறு ஆளைப் பிடித்தால் பாதிப் பலன் போய்விடும்.

எங்களுடையது பேசிச் செய்த கலியாணம். எழுத்தன்று, அதாவது கலியாணப் பதிவன்று, எடுத்த படங்களில் இரண்டு பேருமே விறைத்துப்போய் நிற்கிறோம். அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் சூட்டுக்குக் கேட்டேன். "கலியாணத்துக்கு முதல் சோடியாத் திரிஞ்சா ஊர் என்னகா சொல்லும்?" என்று அம்மா மறித்தார். அண்ணி கூட வருவது என்று முடிவான பிறகுதான் விட்டார்கள். பண்பாடு கெட்டுப்போகிறது என்று சொல்பவர்களுக்கு என் பதிலும் அதுதான்: வீட்டாருக்குத் தெரிந்து, வீட்டாள் ஒருவர் கூட வந்து எடுத்த படம்.

மட்டக்களப்பு வாவிக்கு மேலே இருக்கிற கல்லடிப் பழைய பாலத்துக்குப் போனோம். 1924இல் திறந்த இரும்புப் பாலம். 2013இல் பக்கத்தில் புதுப் பாலம் வந்ததிலிருந்து பெரிய வாகனங்கள் அதால்தான் போகின்றன, பழையதில் ஆறுதலாக நடக்கலாம். ஆனி மாதம் என்பதால் விடியவே போய்விட்டோம். வெயில் ஏறிக் கச்சான் காற்றுக் கிளம்பினால் சேலை ஒரு இடத்தில் நிற்காது. அந்த நேரத்தில் வேடிக்கை பார்க்க ஆளும் குறைவு, வாவியில் வலை வீசுகிறவர்கள் மட்டும்தான்.

கமராக்காரத் தம்பி வந்த உடனே படம் எடுக்கவில்லை. பிறகு தூரமாய்ப் போய் நின்று, நீள லென்ஸைப் போட்டு, "என்னைப் பார்க்க வேணாம், கதைச்சுக்கொண்டு வாங்க" என்றார். என்னத்தைக் கதைப்பது? என் மாப்பிள்ளை, வாவிக்குள் இருந்து பாட்டுப் போலச் சத்தம் வரும் என்கிற அந்தப் பாடும் மீனைப் பற்றித் தொடங்கினார். பௌர்ணமி இரவில் தோணியில் போய், துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு, மறு நுனியில் காதை வைத்துக் கேட்பார்களாம். எப்படி என்று காட்டப் பாலத்துக் கம்பியில் காதை வைத்தார். நான் அவரைப் பார்த்துச் சிரித்த அந்தப் படம்தான் இன்றைக்கும் எங்கள் வீட்டு மண்டபத்தில் தொங்குகிறது.

அன்றைக்குக் கற்றதெல்லாம் கலியாணத்தன்று உதவியது. கையை எங்கே வைப்பது என்று தெரியாவிட்டால் சேலைத் தலைப்பைப் பிடிக்கலாம். படத்துக்குப் படம் கண் மூடுகிறதென்றால், முதலே மூடிக்கொண்டு கமராக்காரர் மூன்று எண்ணியதும் திறக்கலாம். நாடியைக் கொஞ்சம் இறக்கினால் என் முகம் நன்றாக வரும் என்பதும் அந்தத் தம்பிக்குத் தெரிந்துவிட்டது. மணவறையில் ஓமப்புகை, கண்ணில் வீடியோ லைட், சுற்றிச் சனம். அதற்குள் அவர் விரலைக் காட்டினாலே எனக்கு விளங்கியது.

மாப்பிள்ளை வெளிநாட்டில் இருந்து கலியாணத்துக்கு முதல் நாள்தான் வருகிறார் என்றால் இதெல்லாம் சரிவராது. அது வேறு கதை.

இன்னொன்று. கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் சொல்லியே ஆகவேண்டும். அக்காவின் கலியாண அல்பத்தில் ஒரு ஸ்டூடியோ என் முகத்தை வெள்ளையாக்கி வைத்தது. முகம் ஒரு நிறம், கழுத்து இன்னொரு நிறம். நான் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை. யாரும் என்னைக் கேட்கவில்லை, பார்த்தவர்களெல்லாம் "வடிவா வந்திருக்கு" என்றார்கள். கமராவைக் கண்டால் முகத்தைத் திருப்புகிற பழக்கம் எனக்கு அங்கேதான் வந்தது. ஊரில் பாதிப்பேருக்கு இருக்கிற நிறத்தைப் பிழை என்று திருத்த இவர்கள் யார்?

அதனால் அட்வான்ஸ் கொடுக்கும்போதே நிறத்தில் கை வைக்கக்கூடாது என்று சொல்லுங்கள். சூட் படங்கள் கைக்கு வந்ததும் முகம், கழுத்து, கை மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். மாறியிருந்தால் அப்போதே திருப்பிக் கொடுங்கள். கலியாண அல்பம் அடித்த பிறகு சொல்லிப் பிரயோசனமில்லை.