சேவைத் துறையில் புதுமை புகுத்தினால் உற்பத்தித்திறன் உண்மையிலேயே உயருமா?

உயரும். ஆனால் மென்பொருள் வாங்கிப் போட்டதால் மட்டும் உயராது. வேலை நடக்கும் வழியும் மாற வேண்டும்.

முதல் சறுக்கல் அளவுகோலில். வாடிக்கையாளர் சேவை மையத்தில் மணிக்கு 8 அழைப்பு எடுத்தவர், புது மென்பொருள் வந்ததும் 10 எடுக்கிறார். 25% உயர்வு என்று அறிக்கை போகும். முன்பு அந்த எட்டில் ஒன்றுதான் பழைய பிரச்சினை தீராமல் மறுபடி வந்த அழைப்பு. இப்போது பத்தில் மூன்று அப்படி. கழித்துப் பாருங்கள், அன்றும் 7, இன்றும் 7. உயர்வே இல்லை, ஊழியருக்குக் களைப்புதான் மிச்சம். அதனால் இரண்டு வாரத்துக்கு எல்லாக் கோரிக்கைகளையும் ‘புதியது’, ‘மறுபடி வந்தது’ என்று பிரித்துக் குறியுங்கள். மறுபடி வந்ததற்கான காரணத்தையும் பக்கத்திலேயே எழுதுங்கள்: படிவத்தில் புரியாத கட்டம், இன்னொரு பிரிவின் ஒப்புதலுக்குக் காத்திருப்பு, வேலை முடிந்ததைத் தெரிவிக்காமல் விட்டது. புதுமை தேவைப்படும் இடம் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது.

அடுத்தது, ஊழியர் ஒரு நிமிடம்கூடச் சும்மா இருக்கக் கூடாது என்ற பிடிவாதம். இது எனக்குச் சுத்தமாக ஒப்பாதது. ஒரே கவுண்டர், ஒருவருக்குச் சராசரி 5 நிமிடம், வருகையும் வேலை நேரமும் முன்பின்னாக இருக்கும் என்று வையுங்கள். எளிய வரிசைக் கணக்குப்படி, கவுண்டர் 80% நேரம் வேலையில் இருந்தால் சராசரிக் காத்திருப்பு 20 நிமிடம். 90% என்றால் 45. 95% என்றால் 95 நிமிடம். காத்திருப்பவர்கள் “என் விண்ணப்பம் என்ன ஆச்சு?” என்று கேட்க ஆரம்பிப்பார்கள், அதுவும் ஒரு வேலையாகிவிடும். 90% நிலையில், தேவையில்லாத ஒரு பதிவை நீக்கி 5 நிமிடத்தை நாலரை ஆக்கினால் போதும், காத்திருப்பு 45இலிருந்து சுமார் 19 நிமிடத்துக்கு இறங்கும். அரை நிமிடத்துக்கு அவ்வளவு பலம்! மிச்சமான நேரத்தைக் காட்டி உடனே ஆளைக் குறைத்தால் வரிசை பழையபடி நீளும்.

கணினி எங்கும் தெரிகிறது, உற்பத்தித்திறன் புள்ளிவிவரத்தில் மட்டும் காணோம் என்று பொருளாதார அறிஞர் ராபர்ட் சோலோ 1987இல் எழுதினார். 1990இல் பொருளாதார வரலாற்றாளர் பால் டேவிட் மின்சாரத்தை ஒப்பிட்டுக் காட்டினார்: நீராவி எந்திரம் இருந்த இடத்தில் மின்மோட்டாரை வைத்து, ஒரே எந்திரத்தின் விசையை எல்லா இயந்திரங்களுக்கும் கடத்திய பழைய தண்டையும் பெல்ட்டையும் அப்படியே விட்டிருந்த வரை பெரிய பலன் இல்லை. இயந்திரத்துக்கு ஒரு மோட்டார் என்றாகி, ஆலையின் அமைப்பே மாறிய பிறகுதான் பலன் வந்தது. காகிதப் படிவத்தைத் திரைக்கு ஏற்றிவிட்டு ஐந்து கையெழுத்தையும் ஐந்து ‘அப்ரூவல்’ பொத்தானாக வைத்திருப்பதும் அந்தப் பழைய பெல்ட்தான்.

செவிலியர் பணி, கற்பித்தல் போன்றவற்றில் மனிதர் செலவிடும் நேரமே சேவை. அதைச் சுருக்கினால் தரம் போய்விடும். அங்கே கை வைக்க வேண்டியது, ஒரே தகவலை மூன்று பதிவேட்டில் எழுத வைக்கும் வேலையில்.