மாட்யூலைக் கழற்றுவதற்கு முன்னால் எரர் கோடைப் படியுங்கள்

கேள்வி: ஆத்தூர் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலையில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன் சார். இயந்திரங்களை இயக்கும் பிஎல்சி என்ற கன்ட்ரோலருக்குப் புதிதாக, ஒரே ஜோடி ஒயரில் பல கருவிகளோடு பேசும் ஒரு ஆர்எஸ்-485 கம்யூனிகேஷன் மாட்யூல் வாங்கி, மோட்பஸ் ஆர்டியூ முறையில் கேள்வி கேட்கும் மாஸ்டராகப் போட்டிருக்கிறோம். கிழங்கு அரைக்கும் ராஸ்பர் மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ், இரண்டு பம்ப் டிரைவ்கள், ட்ரையரின் இரண்டு டெம்பரேச்சர் கன்ட்ரோலர்கள், ஒரு எனர்ஜி மீட்டர், மொத்தம் ஆறு. எல்லா ஒயரையும் பேனலில் ஒரே டெர்மினலில் சேர்த்திருக்கிறோம். தனித்தனியாக மாட்டினால் ஆறும் பேசுகிறது. சேர்த்து மாட்டினால் இரண்டு மூன்றுக்கு டைம்அவுட். ராஸ்பர் ஓட ஆரம்பித்தால் மொத்த லைனும் திணறுகிறது. மீட்டர் முகப்பில் 415 வோல்ட் காட்டுகிறது, பிஎல்சியில் 17359 என்று வருகிறது. மாட்யூலை மாற்றிவிடலாமா?

பதில்: மாற்ற வேண்டாம். உங்கள் மாட்யூல் நல்ல மாட்யூல். அதற்குச் சாட்சி அந்த 17359தான்.

அந்த மீட்டர் வோல்டேஜை 32 பிட் ஃப்ளோட்டாக, அதாவது புள்ளி வைத்த எண்ணாக, அடுத்தடுத்த இரண்டு ரிஜிஸ்டர்களில் (எண் வைக்கும் 16 பிட் அறைகளில்) பிரித்து வைத்திருக்கிறது. 415.0 என்ற எண்ணை அப்படிப் பிரித்தால் மேல் பாதி 17359, கீழ் பாதி 32768. நீங்கள் முதல் ரிஜிஸ்டரை மட்டும் படித்து முழு எண்ணாகக் காட்டுகிறீர்கள். 414இலிருந்து 416 தொடும்வரை அந்த மேல் பாதி அசையாது, 416 ஆனதும் 17360 ஆகும். மீட்டரில் புள்ளிக்குப் பின்னால் எண்கள் ஓடிக்கொண்டிருக்க, பிஎல்சியில் மட்டும் ஏன் உறைந்து நிற்கிறது என்று நீங்களே யோசித்திருப்பீர்கள். இரண்டு ரிஜிஸ்டரையும் சேர்த்துப் படித்து, டேட்டா டைப்பை ஃப்ளோட் என்று மாற்றுங்கள். மாற்றியபின் பூஜ்யமோ அபத்தமான எண்ணோ வந்தால், இரு பாதிகளும் முன்பின்னாக மாறியிருக்கின்றன. வேர்டு ஸ்வாப் என்ற ஆப்ஷனைத் தட்டினால் சரியாகிவிடும்.

இப்போது டைம்அவுட்டுக்கு வருவோம். நான் பார்த்தவரை, லைனில் கோளாறு என்றதும் நம் ஆட்கள் முதலில் கை வைப்பது மாட்யூலில், அடுத்து புரோகிராமில். எரர் கோடை யாரும் படிப்பதில்லை. அது பாதி வேலையை முடித்துக் கொடுத்துவிடும். டைம்அவுட் என்றால் எதிர்முனையிலிருந்து பதிலே வரவில்லை: ஒயர், அட்ரஸ் (கருவியின் எண்), பாட் ரேட் (பேசும் வேகம்) இவற்றில் ஒன்று. சிஆர்சி (பதிலோடு வரும் சரிபார்ப்பு எண்) எரர் என்றால் பதில் வந்தது, வழியில் சிதைந்தது: நாய்ஸ் (மின் இரைச்சல்), அல்லது ஒரே நேரத்தில் இருவர் பேசுகிறார்கள். எக்செப்ஷன் 2 என்றால் கருவி உங்கள் கேள்வியை ஒழுங்காகக் கேட்டு, 'அந்த ரிஜிஸ்டர் என்னிடம் இல்லை' என்று பதில் சொல்கிறது. எக்செப்ஷன் வந்த பிறகு ஒயரைத் தொடவே கூடாது, மேனுவலைத்தான் எடுக்க வேண்டும். மேனுவலில் 40101 என்று போட்டிருந்தால் லைனில் போக வேண்டிய எண் 100; முதலில் உள்ள 4 ரிஜிஸ்டரின் வகை, மீதி 101, லைனில் எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்குவதால் ஒன்று கழியும். சில பிஎல்சி சாஃப்ட்வேர் தானே கழித்துக்கொள்ளும், சிலது கழிக்காது. அதேபோல் எனர்ஜி மீட்டர்கள் பலவற்றை ஃபங்ஷன் (கேள்வியின் வகையைச் சொல்லும் எண்) 3க்குப் பதில் 4 போட்டுப் படிக்க வேண்டியிருக்கும்.

தனியாகப் பேசுகிறது, சேர்த்தால் பேசவில்லை என்றால் எனக்கு முதல் சந்தேகம் அட்ரஸ் மேல். நிறையக் கருவிகள் கம்பெனியிலிருந்து அட்ரஸ் 1 என்றே வரும். உங்கள் இரண்டு டெம்பரேச்சர் கன்ட்ரோலரும் ஒரே மேக் என்றால் முதலில் அவற்றைப் பாருங்கள். ஒரு கேள்விக்கு இருவரும் ஒரே நொடியில் பதில் சொன்னால் மாஸ்டருக்கு ஒன்றும் விளங்காது. 1 முதல் 247 வரை எண்கள் இருக்கின்றன, ஆளுக்கொன்று கொடுங்கள். அட்ரஸை மாற்றியபின் கருவியை ஒரு முறை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள். சிலது அப்போதுதான் புது எண்ணை ஏற்கும். பாட் ரேட், பேரிட்டி, ஸ்டாப் பிட் ஆகிய மூன்று செட்டிங்கும் ஆறிலும் மாட்யூலிலும் அச்சு அசலாக ஒன்றாக இருக்க வேண்டும். உங்கள் தேவைக்கு 9600 தாராளம்.

அப்புறம் அந்த ஒரே டெர்மினல். ஆறு கேபிளையும் ஓரிடத்தில் முடிச்சுப் போடுவது ஆர்எஸ்-485க்கு ஆகாது. பூச்சரம் தொடுப்பது போல மாட்யூலிலிருந்து முதல் டிரைவ், அதிலிருந்து அடுத்தது என்று ஒரே சரமாகப் போக வேண்டும். கிளை பிரித்தே ஆக வேண்டுமென்றால் அது ஓரிரு அடிக்குள் முடியட்டும். சரத்தின் இரு கோடியிலும், இரு கோடியில் மட்டும், 120 ஓம் ரெசிஸ்டர். பழுப்பு, சிவப்பு, பழுப்பு வளையம் போட்ட கால் வாட் ரெசிஸ்டர் எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கும்.

சரியாகப் போட்டோமா என்று பார்க்க மல்டிமீட்டர் போதும். எல்லாப் பவரையும் ஆஃப் செய்துவிட்டு, இரண்டு டேட்டா ஒயருக்கும் நடுவே ஓம் பாருங்கள். 60க்குக் கொஞ்சம் கீழே காட்டினால் சரி. 120 பக்கம் காட்டினால் ஒரு கோடியில் ரெசிஸ்டர் இல்லை, அல்லது நடுவில் ஒயர் அறுந்திருக்கிறது. 40 காட்டினால் எங்கோ மூன்றாவது ஒன்று ஒளிந்திருக்கிறது. பெரும்பாலும் நடுவிலிருக்கும் ஏதோ ஒரு டிரைவின் உள்ளே, அதன் சொந்த ரெசிஸ்டரைச் சேர்க்கும் சின்ன டிப் ஸ்விட்ச் ஆன் நிலையில் இருக்கும்.

ஏ, பி என்று போட்டிருப்பதை நம்பி மாட்டாதீர்கள். ஒரு கம்பெனியின் ஏ இன்னொரு கம்பெனிக்கு மைனஸ். ஒரு கருவி மட்டும் பிடிவாதமாகப் பேசவில்லை என்றால் அதில் இரண்டு ஒயரையும் மாற்றி மாட்டிப் பாருங்கள், ஒன்றும் எரிந்துவிடாது. கூடவே மூன்றாவது ஒயராக சிக்னல் கிரவுண்டையும் எல்லாவற்றுக்கும் கொண்டுபோங்கள். நிறையப் பேர் இதை விட்டுவிடுகிறார்கள்.

ராஸ்பர் ஓடும்போது திணறுவது நாய்ஸ் பிரச்சினை. டிரைவிலிருந்து மோட்டாருக்குப் போகும் கேபிளும் உங்கள் டேட்டா கேபிளும் ஒரே டிரேயில் படுத்திருக்கும் என்று நினைக்கிறேன். பிரித்து ஓர் அடியாவது தள்ளிப் போடுங்கள். குறுக்கே கடக்க வேண்டிய இடத்தில் நேர் செங்குத்தாகக் கடக்கட்டும். டேட்டா கேபிள், ஷீல்டு போட்ட ட்விஸ்டட் பேராக (ஒன்றோடொன்று முறுக்கிய இரட்டை ஒயராக) இருக்க வேண்டும், சாதா மூன்று கோர் ஃப்ளெக்ஸ் வேண்டாம். ஷீல்டை பேனல் பக்கம் மட்டும் எர்த்தில் சேருங்கள்.

உங்கள் ஆலைக்கென்றே ஒரு தொல்லையும் உண்டு. கிழங்கு அரைக்கும் இடத்திலும் தொட்டிப் பக்கமும் புளித்த தண்ணீரும் ஈரமும்தான். செம்பு ஒயர் சீக்கிரம் பச்சை பூத்துவிடும். அங்கே ஒயர் நுனியில் லக் போட்டு கிரிம்ப் செய்து, கிளாண்டு வைத்த மூடிய பெட்டிக்குள் கனெக்ஷன் கொடுங்கள். வெறும் முறுக்கு ஜாயின்ட் ஒரு சீசன்கூடத் தாங்காது. பம்ப் ரூம் வேறு கட்டடத்தில் இருந்தால் நடுவில் ஐசொலேஷன் (இரு பக்கத்துக்கும் நேரடி மின் தொடர்பில்லாத அமைப்பு) உள்ள ரிப்பீட்டர், அதாவது சிக்னலை மீண்டும் அனுப்பும் கருவி ஒன்று போடுவது நல்லது. சித்திரை, வைகாசியில் சேர்வராயன் மலைமேல் மேகம் கட்டி இடி இறங்கும்போது, முதலில் போவது இந்த நீளமான டேட்டா லைன்தான்.

புரோகிராமில் ஒரே விதிதான்: ஒரு நேரத்தில் ஒரு கேள்வி. பதிலோ டைம்அவுட்டோ வந்த பிறகே அடுத்த கேள்வி. 9600இல் ஓர் எழுத்து (ஒரு பைட்) போக ஏறக்குறைய 1 மில்லி செகண்ட். பத்து ரிஜிஸ்டர் படிக்கக் கேள்வி 8 பைட், பதில் 25 பைட். கருவி யோசிக்கும் நேரத்தையும் சேர்த்தால் ஆறையும் ஒரு சுற்றுச் சுற்றி வர அரை செகண்ட் போதும். ஆனால் டைம்அவுட் 1 செகண்ட், மூன்று முயற்சி என்று வைத்திருந்தால், ஒரு டிரைவை ஆஃப் செய்தாலே ஒவ்வொரு சுற்றிலும் 3 செகண்ட் வீண். டைம்அவுட்டை 300 மில்லி செகண்டாகக் குறைத்து, பேசாத கருவியைச் சில சுற்றுகளுக்குத் தாண்டிப் போகும்படி எழுதுங்கள். டச் ஸ்கிரீனையும் அதே லைனில் மாஸ்டராக மாட்டிவிடாதீர்கள். மோட்பஸ் ஆர்டியூவில் மாஸ்டர் ஒருவர்தான்.

டிரைவுக்கு எழுதும்போது இன்னும் கவனம் வேண்டும். ஸ்பீடு கொடுக்கத் தனி ரிஜிஸ்டர் இருக்கும், அதில் மட்டும் எழுதுங்கள். பாராமீட்டரை நேராக மாற்றினால் சில டிரைவ்களில் அது ஒவ்வொரு முறையும் ஈப்ராம் என்ற நிரந்தர நினைவகத்தில் பதிவாகும். ஈப்ராம் சாதாரணமாக ஒரு லட்சம் முறை எழுதுவதைத்தான் தாங்கும். செகண்டுக்கு ஒரு முறை எழுதினால் ஒரு நாளில் 86,400. கணக்கு உங்களுக்கே புரியும். லைன் அறுந்தால் டிரைவ் என்ன செய்ய வேண்டும் என்ற பாராமீட்டரையும் இப்போதே செட் செய்யுங்கள். ராஸ்பர் நிற்க வேண்டும் என்பது என் கருத்து. எமர்ஜென்சி ஸ்டாப் மட்டும் எக்காரணம் கொண்டும் இந்த லைன் வழியாகப் போகக் கூடாது. அது தனி ஒயரில் நேராக டிரைவுக்கோ கான்டாக்டருக்கோ போகட்டும்.

இவ்வளவையும் செய்தபின் ஒரு கருவியோடு ஆரம்பியுங்கள். பத்து நிமிடம் எரர் இல்லாமல் ஓடினால் அடுத்ததைச் சேருங்கள். அப்படியும் மக்கர் செய்தால், யூஎஸ்பி-485 கன்வெர்ட்டர் ஒன்றை வாங்கி, மாட்யூலின் ஒயரைக் கழற்றிய அதே இடத்தில் லேப்டாப்பை மாட்டி, மோட்பஸ் மாஸ்டர் சாஃப்ட்வேர் மூலம் ஆறையும் கேட்டுப் பாருங்கள். லேப்டாப்புக்கும் பதில் வரவில்லை என்றால் கோளாறு லைனில். லேப்டாப்புக்கு ஆறும் பதில் சொல்லி, மாட்யூலுக்கு மட்டும் சொல்லவில்லை என்றால் மாட்யூலின் செட்டிங்கை இன்னொரு தடவை சரிபாருங்கள். அதுவும் சரியாக இருந்தால் மாற்று மாட்யூலுக்கு ஆர்டர் கொடுக்கலாம்.