மாநிறம் மாநிறமாகவே இருக்கட்டும்

போட்ரெய்ட், எடிட்டிங், பிரிண்ட்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: வீட்டு விசேஷங்களுக்குப் படமெடுக்கிறேன். கொஞ்சம் கறுத்த முகமென்றால், லைட்ரூம் மென்பொருளில் வெளிச்சத்தை ஏற்றியதும் சாம்பல் பூசினாற்போல ஆகிவிடுகிறது. எங்கே தப்பு?
(வாசகி, கும்பகோணம்)

பதில்: பெரும்பாலும் க்ளிக் செய்த நொடியிலேயே தப்பு நடந்துவிடுகிறது. கேமராவின் மீட்டர் (வெளிச்சத்தை அளக்கும் பகுதி), எதிரில் இருப்பது எல்லாம் நடுத்தரச் சாம்பல் என்று நினைத்துத்தான் கணக்குப் போடும். பக்கத்தில் வெள்ளை வேட்டியோ சுண்ணாம்புச் சுவரோ இருந்தால் முகம் இருண்டுவிடும். அப்படி இருண்ட முகத்தை மென்பொருளில் தூக்கினால் நாய்ஸும் (புள்ளி புள்ளியான இரைச்சல்) சேர்ந்து ஏறும். நிறத்தின் அடர்த்தி மட்டும் ஏறாது. ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். 14 பிட் ரா ஃபைலில் (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ஃபைல்) 16,384. ஆகவே ராவில் எடுங்கள். ஸ்பாட் மீட்டரை (ஒரு சின்ன இடத்தை மட்டும் அளப்பது) கன்னத்தில் வைத்து அளந்து, கறுத்த நிறமென்றால் அதிலிருந்து 0.7 ஸ்டாப் குறைத்து வையுங்கள் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்). குறைக்காவிட்டால் மீட்டர் அந்தக் கன்னத்தையும் நடுத்தரச் சாம்பலுக்கு வெளுத்துவிடும்.

அடுத்தது லைட்ரூம். டெவலப் பக்கத்தில் மவுஸைக் கன்னத்தின் மேல் வைத்தால் ஹிஸ்டோகிராமுக்குக் (வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) கீழே சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் சதவீதமாகத் தெரியும். எந்த நிறத் தோலானாலும் சிவப்பு மேலே, பச்சை நடுவே, நீலம் கீழே என்றுதான் இருக்க வேண்டும். நீலம் பச்சையை நெருங்க நெருங்கச் சாம்பல் பூக்கும். நீங்கள் பார்ப்பது அதைத்தான். வெப்பநிலை ஸ்லைடரை 200 முதல் 400 கெல்வின் வரை ஏற்றிப் பாருங்கள். இடைவெளி திரும்ப வந்துவிடும்.

பலரும் செய்கிற இன்னொரு வேலை, ஆரஞ்சு நிறத்தின் லூமினன்ஸை (அந்த நிறத்தின் வெளிச்சம்) முப்பது நாற்பது என்று ஏற்றுவது. முகம் வெளுக்கும், சரி. தங்க ஜரிகையும் அதே ஆரஞ்சு, மஞ்சளில்தான் இருக்கிறது. அதுவும் வெளுத்து வெள்ளி ஜரிகை மாதிரி ஆகிவிடும். பட்டுக்குக் கொடுத்த காசு படத்தில் காணாமல் போகும்! முகத்துக்கு மட்டும் வெளிச்சம் வேண்டுமென்றால் மாஸ்க்கில் (திருத்தத்தைப் படத்தின் ஒரு பகுதிக்கு மட்டும் கொடுக்கும் வசதி) ஆளைத் தேர்ந்து, அதில் முகத் தோலை மட்டும் எடுத்து, எக்ஸ்போஷரை 0.20 முதல் 0.35 வரை ஏற்றுங்கள். அதற்கு மேல் ஏற்றினால் கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம்.

ஹைலைட்ஸை மைனஸ் நூறுக்கு இறக்குவதும் வேண்டாம். கறுத்த தோலின் அழகு நெற்றியிலும் கன்ன எலும்பிலும் விழும் அந்த மினுமினுப்பில்தான் இருக்கிறது. அதை அணைத்துவிட்டால் முகம் தட்டையாகிவிடும். எண்ணெய்ப் பளபளப்பு மிஞ்சிப்போனால் டிஷ்யூ பேப்பரால் ஒற்றி எடுங்கள். டால்கம் பவுடர் போட்டு ஃப்ளாஷ் அடித்தால் அதுவும் வெள்ளைத் திட்டாகத் தெரியும். லைட் பக்கவாட்டிலிருந்து வரட்டும். மறுபக்கம் இரண்டுக்கு மூன்றடி வெள்ளைத் தெர்மகோல் அட்டை ஒன்றை நிறுத்தினால் போதும்.

இந்தக் கோளாறு நம் ஸ்டுடியோக்களில் தொடங்கியதும் அல்ல. ஃபிலிம் காலத்தில் பிரிண்ட் நிறத்தைச் சரிபார்க்க கோடாக் நிறுவனம் லேப்களுக்கு அனுப்பிய ‘ஷெர்லி கார்டு’களில் பல பத்தாண்டுகள் வெள்ளைக்காரப் பெண்களின் முகங்களே இருந்தன. கஸ்டமர் “கொஞ்சம் கலரா காட்டுங்க” என்று கேட்கத்தான் செய்வார். நல்ல லைட்டில் எடுத்த படத்தை முதலில் காட்டுங்கள். பாதிப் பேர் அதற்குப் பிறகு கேட்பதில்லை.

கேள்வி: முகத்தை மழமழப்பாக்கும் ஆப் போட்டால் அம்மாவின் மூக்குத்தியும் மச்சமும் மங்கிவிடுகின்றன. பரு மட்டும் போக என்ன வழி?
(வாசகர், விருதுநகர்)

பதில்: அந்த ஆப்புக்கு மச்சமும் ஒன்றுதான், பருவும் ஒன்றுதான். ‘இரண்டு வாரத்தில் தானாக மறைவதை மட்டும் நீக்கு’ என்பது ரீடச் செய்பவர்களின் பழைய கணக்கு. பரு, கீறல், கொசுக்கடி போகலாம். மச்சமும் தழும்பும் கேட்காமல் போகக் கூடாது.

போட்டோஷாப்பில் காலி லேயர் ஒன்று போட்டு, ஹீலிங் பிரஷ்ஷில் ‘கரன்ட் அண்ட் பிலோ’ வைத்து ஒவ்வொன்றாக எடுங்கள். திட்டுத்திட்டான நிறம் மிஞ்சினால்தான் ஃப்ரீக்வென்சி செபரேஷன், அதாவது நிறத்தையும் தோலின் நுண் அமைப்பையும் தனித்தனி லேயராகப் பிரிப்பது. படத்தையும் திருத்திய லேயரையும் ஒன்றாகச் சேர்த்து இரண்டு பிரதி எடுங்கள். கீழ்ப் பிரதிக்கு காஸியன் ப்ளர். 24 மெகாபிக்சல் படத்தில் முகம் பெரிதாக இருந்தால் 6 முதல் 10 பிக்சல், தோலின் துளைகள் மறையும் அளவு. மேல் பிரதியில் அப்ளை இமேஜ் திறந்து கீழ்ப் பிரதியைத் தேர்ந்தெடுங்கள். 16 பிட் படமென்றால் ‘ஆட்’, இன்வர்ட் டிக், ஸ்கேல் 2, ஆஃப்செட் 0. 8 பிட் என்றால் ‘சப்ட்ராக்ட்’, ஸ்கேல் 2, ஆஃப்செட் 128. பிறகு அந்த லேயரின் ப்ளெண்ட் மோடை லீனியர் லைட்டுக்கு மாற்றினால் படம் பழையபடி தெரிய வேண்டும். தெரியாவிட்டால் 8, 16 இரண்டையும் மாற்றிப் போட்டிருப்பீர்கள். இனி கீழ் லேயரில் லாசோவால் திட்டை வளைத்து லேசாக ப்ளர் கொடுத்தால் நிறம் மட்டும் கலக்கும், துளைகள் மேலே பத்திரமாக இருக்கும். மூக்குத்தி ஓரத்தைத் தொடாதீர்கள். உலோகத்தின் நிறம் தோலில் கசியும்.

கேள்வி: ஸ்கிரீனில் பளிச்சென்று இருக்கும் படம் ஆல்பத்தில் இருட்டாக வருகிறது. பிரிண்ட் போடும் லேப்பைக் குறை சொல்லலாமா?
(ஸ்டுடியோ வைத்திருக்கும் வாசகர், திண்டுக்கல்)

பதில்: முதலில் உங்கள் மானிட்டரைக் கேளுங்கள். முழு வெளிச்சத்தில் வைத்து எடிட் செய்தால் எல்லாப் படமும் பிரகாசமாகத்தான் தெரியும். பிரிண்ட் வேலைக்கு 80 முதல் 120 கேண்டெலா (திரை வெளிச்சத்தின் அளவு) போதும். கேலிப்ரேட்டரில் (திரையின் நிறத்தை அளந்து சரிசெய்யும் கருவி) 6500 கெல்வின், காமா 2.2 என்று அமையுங்கள். கருவி வாங்கும்வரை ஒரு குறுக்குவழி: அறை விளக்கின் கீழே வெள்ளைத்தாள் ஒன்றை ஸ்கிரீன் பக்கத்தில் பிடித்து, ஸ்கிரீனிலும் காலி வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்வரை பிரைட்னஸைக் குறையுங்கள். திரையை மஞ்சளாக்கும் ‘நைட் லைட்’ அமைப்பு இயங்குகிறதா என்றும் பாருங்கள்.

இருட்டோடு நிறமும் செத்து வந்தால், ஃபைல் அடோபி ஆர்ஜிபி என்ற அகலமான நிறவெளியில் போயிருக்கும். லேப் வேறு எதையும் கேட்காதபோது பொதுவான எஸ்ஆர்ஜிபியில் கொடுங்கள். மாற்றும்போது ‘கன்வர்ட் டு புரொஃபைல்’. ‘அசைன்’ செய்தால் நிறமே மாறிவிடும். 12க்கு 36 அங்குல ஷீட்டுக்கு 300 டிபிஐயில் 10,800க்கு 3,600 பிக்சல். நடுமடிப்பில் யார் முகமும் வராமல் பாருங்கள். இதற்கு எந்த மென்பொருளும் எச்சரிக்காது.

கேள்வி: அரக்குப் பட்டுச் சேலையில் மடிப்பே தெரியவில்லை, சிவப்புச் சாயம் கொட்டின மாதிரி இருக்கிறது.
(வாசகி, காஞ்சிபுரம்)

பதில்: சிவப்புச் சேனல் மட்டும் நிரம்பி வழிந்திருக்கிறது. கேமராவில் பொது ஹிஸ்டோகிராம் ஒழுங்காகத்தான் காட்டும். மூன்று நிறத்தையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் போட்டால் சிவப்பு வலது ஓரத்தில் முட்டுவது தெரியும். 0.3 முதல் 0.7 ஸ்டாப் குறைத்து எடுங்கள். எடுத்தாகிவிட்டதா? ரா என்றால் புரொஃபைலை அடோபி நியூட்ரலுக்கு மாற்றி, சேலைக்கு மட்டும் மாஸ்க் போட்டு சாச்சுரேஷனை (நிறச் செறிவு) 10, 15 குறையுங்கள். படம் முழுவதற்கும் சிவப்பைக் குறைத்தால் குங்குமமும் உதடும் வெளிறிவிடும். தாடைக்குக் கீழே சிவப்பாகத் தெரிந்தால் அது சேலையிலிருந்து தெறித்த வெளிச்சம். மஞ்சள் பந்தலுக்குள் முகம் மஞ்சளாவதும் இப்படித்தான்.

கேள்வி: மண்டபத்தில் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாகக் கோடுகள்.
(வாசகர், ஈரோடு)

பதில்: எல்இடி விளக்கு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 தடவை துடிக்கும். ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் வையுங்கள், சைலன்ட் ஷட்டரை (சத்தமில்லாத மின்னணு ஷட்டர்) அணையுங்கள். மேடைக்குப் பின்னால் இருக்கும் எல்இடி சுவருக்கு இந்தக் கணக்கு எப்போதும் பலிக்காது. அங்கே நாலைந்து வேகங்களில் சோதித்துப் பார்ப்பதே வழி.

கேள்வி: கிராப் சென்சார் (சிறிய சென்சார்) கேமராவுக்கு 50 மி.மீ. லென்ஸ் வாங்கவா, 85 வாங்கவா? அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி.
(வாசகர், தூத்துக்குடி)

பதில்: 50. ஒரு ஆளை முழு உயரத்துக்கு எடுக்க 85க்கு ஏறக்குறைய 7 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். சுவரை இடித்தால்தான் முடியும். 50க்கு 4 மீட்டர் வேண்டும், அதுவே உங்கள் அறைக்கு இழுபறி. முழு உயரத்துக்கு வாசலுக்கு வெளியே நின்று எடுங்கள், முகத்துக்கும் அரை உருவத்துக்கும் அறை தாராளம். முகத்துக்கு 1.5 மீட்டருக்குள் நெருங்காதீர்கள், மூக்கு பெரிதாகும். அந்தத் தூரத்தில் எஃப் 1.8 (லென்ஸ் துவாரம் அகலத் திறந்த நிலை) வைத்தால் ஃபோகஸில் இருப்பது ஆறேழு சென்டிமீட்டர்தான்: கண் தெளிவு, காது கலங்கல். எஃப் 2.8க்குப் போனால் 10 சென்டிமீட்டர். இரண்டு பேர் என்றால் எஃப் 4க்குக் கீழே இறங்க வேண்டாம்.

கேள்வி: லைட்ரூம், போட்டோஷாப் சந்தா கட்டாமல் வேலை பார்க்க முடியுமா? ப்ரீசெட் (தயார்நிலை எடிட்டிங் அமைப்பு) கட்டுகள் வாங்கலாமா?
(வாசகர், சேலம்)

பதில்: முடியும். ராவைத் திறக்க டார்க்டேபிள், ரீடச்சுக்கு கிம்ப். இரண்டும் இலவசம். 2025இல் வந்த கிம்ப் 3.0இல் ஃபில்டர்களைப் பிறகு திருத்தும் வசதியும் வந்துவிட்டது. டார்க்டேபிள் கைக்கு வர ஒரு மாதம் பிடிக்கும், மாஸ்க் போடவும் பழக வேண்டும். ப்ரீசெட்டோ, யாரோ எங்கோ வேறு வெயிலில் எடுத்த படத்துக்கு வைத்த எண்கள்.

கேள்வி: அமெரிக்க விசா போட்டோவில் கருவளையத்தை லேசாக எடுக்கலாமா?
(வாசகி, சென்னை)

பதில்: கூடாது. எந்த டிஜிட்டல் திருத்தத்தையும் ஏற்க மாட்டார்கள். 51க்கு 51 மி.மீ., வெள்ளைப் பின்னணி, தலை படத்தின் உயரத்தில் 50 முதல் 69 சதவீதம், ஆறு மாதத்துக்குள் எடுத்தது. 2016 நவம்பரிலிருந்து கண்ணாடி அணியவும் அனுமதி இல்லை. கருவளையம் உறுத்தினால் லைட்டைக் கண் மட்டத்துக்கு இறக்கி, மார்புக்குக் கீழே வெள்ளை அட்டை பிடியுங்கள். சுவரில் நிழல் விழுந்தால் ஆளை நாலடி முன்னால் நகர்த்துங்கள்.